நீட் படிக்கிற பையனுக்கும் மறதி உள்ள மாமனாருக்கும் ஒரே பாட்டில் மாத்திரையா?

கேள்வி: வணக்கம் மேடம், திருச்சி பக்கத்துலேர்ந்து எழுதுறேன். பையன் ரெண்டாவது தடவையா நீட்டுக்கு படிக்கிறான். ராத்திரி ஒன்றரை வரைக்கும் முழிச்சு படிக்கிறான், காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு கோச்சிங் கிளம்பிடுவான், ஆனா டெஸ்ட்ல உக்காந்தா படிச்சது எதுவும் ஞாபகம் வரலைங்கறான். என் நாத்தனார் ஒரு நேரடி விற்பனை கம்பெனில சேந்துருக்காங்க, அங்க மூளைக்குன்னு ஒரு கேப்ஸ்யூல் விக்கிறாங்க. பாட்டில் 1,850 ரூபா, மூணு மாச கோர்ஸ்னு மொத்தம் 5,550 ஆகுது. ஒரு பாட்டில் குடுத்துட்டு போயிருக்காங்க, இன்னும் சீல் உடைக்கல, காசும் குடுக்கல. மாமனாருக்கு 71 வயசு, இப்பல்லாம் கேட்டதையே திரும்ப கேக்குறாரு, பாதம் மரத்துப்போகுதுங்கறாரு. அவருக்கும் இதையே குடுக்கலாம்னு நாத்தனார் சொல்றாங்க. சுகருக்கு 12 வருஷமா மாத்திரை போடுறார், மூணு வருஷம் முன்னாடி இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வெச்சது. லேபிள் ஃபோட்டோவும் அவரோட மாத்திரை சீட்டும் அனுப்பிருக்கேன். வாங்கலாமா?

பதில்: வணக்கம் சகோதரி. முடிவ மொதல்லயே சொல்லிடுறேன். பையனுக்கு வாங்க வேணாம், குடுக்குற காசுக்கு உள்ள பலன் அந்த பாட்டில்ல இல்ல. மாமனாருக்கு ஒரு கேப்ஸ்யூல் கூட குடுத்துடாதீங்க, அவர் போடுற மாத்திரைங்களோட அது சேரக்கூடாது. இத இவ்வளவு தான்னு விட்டுடாம விவரமா எழுதுறேன், ஏன்னா இந்த பாட்டில் போனா அடுத்த மாசம் வேற யாராவது வேற பாட்டில் கொண்டு வருவாங்க, அப்போ நீங்களே திருப்பி பாத்து முடிவு பண்ண தெரியணும். ஆஸ்பத்திரி பார்மசில வேலை பாக்குறேன், பரீட்சை சீசன் வந்தா கவுன்ட்டர்ல நின்னு "பையனுக்கு மூளைக்கு ஏதாச்சும் குடுங்க"ன்னு கேக்குற அம்மாக்கள தினமும் பாக்குறேன். அவங்க கவலைல ஒரு தப்பும் கிடையாது. அந்த கவலைய வெச்சு யாவாரம் பண்றது தான் எனக்கு பொறுக்க மாட்டேங்குது.

நீங்க அனுப்புன ஃபோட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். முன்பக்கம் மூளை படம் போட்டு ஞாபக சக்தி, கவனம்னு பெரிய எழுத்துல இருக்கு, அத விட்ருங்க, எந்த பாட்டில எடுத்தாலும் மொதல்ல திருப்பி பின்பக்கம் உள்ள பொடி எழுத்த படிக்கணும். அங்க "ப்ரொப்ரைட்டரி ப்ளெண்ட் 500 மி.கி."ன்னு, அதாவது கம்பெனியோட சொந்த கலவைன்னு, ஒரு வரி இருக்கு. அதுக்கு கீழ அஸ்வகந்தா, வல்லாரை, சங்கபுஷ்பி, பிரமி, ஜின்கோன்னு ஆரம்பிச்சு மொத்தம் ஒம்பது சரக்கோட பேர் இருக்கு. எது எவ்வளவுன்னு ஒரு எடத்துலயும் இல்ல. ஒம்பதும் சேந்து 500, அவ்வளவு தான். அளவ மறைக்கிறதுக்குன்னே இந்த ப்ளெண்ட்ங்கற வரிய போடுறாங்க, கம்பெனி ரகசியம்னு காரணம் சொல்வாங்க.

ஆனா மறைச்சாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். லேபிள்ல சரக்குங்கள எடை அதிகமா உள்ளதுலேர்ந்து கம்மியா உள்ளது வரைக்கும் வரிசையா போடணும்ங்கறது நம்ம நாட்டு உணவு லேபிள் விதி. உங்க பாட்டில்ல பிரமி நாலாவது. அப்போ அதுக்கு மேல உள்ள மூணும் பிரமி அளவாவது இருக்கணும், இல்ல அதிகமா இருக்கணும். 500-ஐ நாலா பிரிச்சா 125, அதுக்கு மேல பிரமி இருக்க வாய்ப்பே இல்ல, கீழ இன்னும் அஞ்சு சரக்குக்கு எடம் வேணும்ங்கறதால நெசத்துல இன்னும் கம்மியா தான் இருக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு கேப்ஸ்யூல் போட்டாலும் 250 வராது. பிரமிய வெச்சு பண்ண ஆய்வுங்கள்ல பொதுவா குடுத்தது ஒரு நாளைக்கு 300 மி.கி., அதுவும் காயவெச்சு அரைச்ச பொடி கிடையாது, பக்கோசைடுங்கற சத்து இத்தன சதவீதம்னு அளந்து பிரிச்ச எக்ஸ்ட்ராக்ட். உங்க பாட்டில்ல பொடின்னு தான் அச்சடிச்சிருக்கு. ஆய்வுல ஜெயிச்சது ஒண்ணு, உங்களுக்கு விக்கிறது வேற ஒண்ணு.

இதனால பிரமி மேலயே நம்பிக்கை இல்லன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. லக்னோல உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் பல வருஷம் இத ஆராய்ச்சி பண்ணிருக்கு. ஆஸ்திரேலியாவுல 2001-ல நல்லா இருக்குறவங்களுக்கே குடுத்து பாத்தாங்க, அஞ்சாவது வாரம் பாக்குறப்ப பெருசா ஒண்ணும் இல்ல, பன்னண்டாவது வாரத்துல தான் சில டெஸ்ட்ல வித்தியாசம் தெரிஞ்சுது. அப்புறம் வந்த மத்த சின்ன ஆய்வுங்களையும் சேத்து பாத்தா கவனிக்கிற வேகத்துல கொஞ்சம் முன்னேற்றம் வரலாம்ங்கற அளவுக்கு ஆதாரம் இருக்கு. கொஞ்சம்னா கொஞ்சம் தான். மாக் டெஸ்ட்ல 400 வாங்குறவன் 600 வாங்குற வேலை அது இல்ல. வயித்த பெரட்டுறது, லூஸ் மோஷன் இதெல்லாம் சிலருக்கு வரும், பரீட்சை நேரத்துல அது தேவையா யோசிங்க. இன்னொண்ணு, நம்ம ஊர்ல வல்லாரையையும் சில பேர் பிரமின்னு சொல்லி விக்கிறாங்க. ரெண்டும் வேற வேற செடி, இந்த ஆய்வுங்க நடந்தது நீர்ப்பிரமில. வல்லாரை நல்ல கீரை, தொகையல் அரைச்சு குடுங்க, புளியும் தேங்காயும் வெச்சு அரைச்சா பையன் விரும்பி சாப்பிடுவான், அத சாப்பாடா சாப்பிடட்டும், மார்க்குக்குன்னு நெனச்சு குடுக்க வேணாம்.

அந்த வரிசைல மொதல்ல இருக்கறது அஸ்வகந்தா, அதாவது அது தான் அதிகம். இயற்கை தானேன்னு எல்லாரும் வாங்குற சரக்கு இது, ஆனா இதால கல்லீரல் பாதிச்சு மஞ்சக்காமால மாதிரி வந்தவங்க கேஸ் நம்ம நாட்டுலேர்ந்தும் வெளிநாட்டுலேர்ந்தும் மெடிக்கல் ஜர்னல்ல பதிவாயிருக்கு, டென்மார்க்ல 2023-ல இத தடையே பண்ணிட்டாங்க. எல்லாருக்கும் வராது, அரிதா தான் வருது, ஆனா வளர்ற பையனுக்கு மூணு மாசம் தெனம் குடுக்கணும்னா அதுக்கு ஒரு காரணம் வேணும், இங்க அந்த காரணம் இல்ல.

அப்புறம் பாட்டில்ல உள்ள "க்ளினிக்கலி ப்ரூவன்", அதாவது ஆய்வுல நிரூபிச்சதுன்னு சொல்ற ஸ்டிக்கர். இதுக்கு அமெரிக்காவுல நடந்த ஒரு விஷயத்த சொல்றேன், இத தெரிஞ்சுகிட்டா அந்த ரெண்டு வார்த்தைய இனிமே அப்படியே நம்ப மாட்டீங்க. ப்ரெவஜன்னு ஒரு மாத்திரை, குவின்சி பயோசயின்ஸ்ங்கற கம்பெனியோடது, ஜெல்லிமீன்ல மொதல்ல கண்டுபிடிச்ச ஒரு புரதத்த வெச்சு வயசானவங்க ஞாபக சக்திக்குன்னு டிவில விளம்பரம் பண்ணி அங்க உள்ள மருந்துக்கடை எல்லாத்துலயும் வித்தாங்க. அவங்களே ஒரு ஆய்வும் பண்ணாங்க, 218 பேர். ஒரு கூட்டத்துக்கு மாத்திரை, இன்னொரு கூட்டத்துக்கு அதே மாதிரி தெரியுற வெத்து மாத்திரை. கடைசில மொத்தமா பாத்தா ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் வரல. அங்கயே நிறுத்திருக்கணும். ஆனா அந்த 218 பேரையே கூறுகூறா பிரிச்சு, மறதி இவ்வளவு உள்ளவங்க மட்டும், இந்த டெஸ்ட் மட்டும்னு முப்பதுக்கு மேல வழில கணக்க போட்டு பாத்து, அதுல எங்கயோ ஒண்ணு ரெண்டு எடத்துல நல்லா வந்தத எடுத்து விளம்பரத்துல போட்டாங்க. யோசிச்சு பாருங்க, ஒண்ணுமே வேலை செய்யாத மாத்திரையா இருந்தாலும் ஒவ்வொரு கணக்குலயும் இருபதுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு, தற்செயலா நல்லா வந்துடும். முப்பது தடவை கணக்கு போட்டா ஒண்ணு ரெண்டு அப்படி வர்றது சகஜம். ஏமாத்து விளம்பரத்த கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் ட்ரேட் கமிஷனும் நியூயார்க் மாநில அரசு தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலும் 2017 ஜனவரில கேஸ் போட்டாங்க, ஞாபக சக்திய கூட்டும்னு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவு வர 2024 கடைசி ஆயிடுச்சு. அந்த ஏழு எட்டு வருஷமும் ஜனங்க காசு குடுத்து வாங்கிட்டு தான் இருந்தாங்க.

அதனால யாராவது ஆய்வு இருக்குன்னு சொன்னா நீங்க கேக்க வேண்டியது: எதுல ஆய்வு, இந்த பாட்டில்லயா இல்ல அதுல உள்ள ஏதோ ஒரு சரக்குலயா? அந்த அளவு இதுல இருக்கா? வெத்து மாத்திரை குடுத்து ஒரு கூட்டத்த ஒப்பிட்டாங்களா? இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஒரே மாதிரி டெஸ்ட ரெண்டாவது தடவை எழுதுனா யாருமே மொத தடவைய விட நல்லா தான் எழுதுவாங்க, அது பழக்கம், மாத்திரை இல்ல. யார வெச்சு பாத்தாங்க, 18 வயசு பையனையா 70 வயசு பெரியவரையா? உங்க நாத்தனார்கிட்ட இந்த கேள்விங்களுக்கு பதில் இருக்காது, அவங்க மேல தப்பு இல்ல, மீட்டிங்ல அவங்களுக்கு சொல்லிக்குடுத்தத தான் சொல்றாங்க. "எங்க மேலயுள்ள லீடரோட பொண்ணு இத சாப்பிட்டு டாக்டர் சீட் வாங்குச்சு"ன்னு சொன்னாங்கன்னு எழுதிருந்தீங்க. அந்த பொண்ணு படிச்சுது, அதனால வாங்குச்சு. அதே பாட்டில சாப்பிட்டு சீட் வாங்காத பிள்ளைங்க பேர அந்த மேடைல யாரும் சொல்ல மாட்டாங்க.

உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கே, கவர்மெண்ட் ஒத்துகிட்டது தானேன்னு கேட்ருந்தீங்க. அந்த 14 இலக்க நம்பர் கம்பெனிக்கு குடுத்த உணவு லைசென்ஸ் நம்பர். மிக்சர் பாக்கெட்லயும் அதே மாதிரி நம்பர் இருக்கும். ஞாபக சக்தி கூடுதான்னு அரசாங்கம் சோதிச்சு பாத்து குடுத்த சர்டிபிகேட் கிடையாது. ஃபோட்டோவுல கீழ ஓரத்துல பாருங்க, "மருத்துவ உபயோகத்துக்கு அல்ல"ன்னு இங்கிலீஷ்ல சின்னதா போட்ருக்கு, ஹெல்த் சப்ளிமெண்ட்னு விக்கிற எல்லாத்துலயும் அத போட்டே ஆகணும். ஒரே டப்பா முன்னாடி ஒண்ணு சொல்லுது, பின்னாடி சட்டத்துக்கு பயந்து வேற சொல்லுது, நம்ப வேண்டியது பின்பக்கத்த.

பையன் விஷயத்துக்கு வரேன். ஒன்றரைக்கு படுத்து அஞ்சரைக்கு எந்திரிச்சா நாலு மணி நேரம் தான் தூக்கம். எனக்கு இந்த கடுதாசில ரொம்ப வலிச்ச வரி அது தான். பகல்ல படிச்சத மூளை அடுக்கி பத்திரப்படுத்துறது பெரும்பாலும் தூங்குறப்ப தான் நடக்குது. அந்த வயசுக்கு எட்டு மணி நேரம் வேணும், அவ்வளவு முடியலைன்னாலும் ஏழாவது வேணும். ராத்திரி பதினொண்ணுக்கு மேல அவன் படிக்கிற ரெண்டரை மணி நேரம், பகல்ல படிச்சதோட பலனையும் சேத்து தின்னுட்டு போகுது. பக்கத்து வீட்டு பையன் ரெண்டு மணி வரைக்கும் லைட் எரியுதுன்னு நீங்க பயப்படுறது புரியுது, ஆனா லைட் எரியறத வெச்சு யாரும் மார்க் போடல. காபி குடிச்சா சாயங்காலம் நாலு மணிக்கு மேல வேணாம், காபில உள்ள கஃபீன் பாதி குறையவே அஞ்சாறு மணி நேரம் ஆகும். கோச்சிங் பசங்க குடிக்கிற எனர்ஜி ட்ரிங்கும் அதே சரக்கு தான், கூட சக்கரை வேற.

அடுத்தது படிக்கிற முறை. படிச்சத மறந்துடுறேன்னு சொல்ற பசங்க பெரும்பாலும் என்சிஇஆர்டி பயாலஜி புக்க திரும்ப திரும்ப வாசிச்சு, ஹைலைட்டர்ல மஞ்சளா அடிச்சு வெச்சிருப்பாங்க. வாசிக்கிறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், புக்க மூடுனா வராது. அமெரிக்காவுல ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு பேர் 2006-ல காலேஜ் பசங்கள வெச்சு இத சோதிச்சாங்க. ஒரு கூட்டம் பாடத்த ரெண்டு தடவை வாசிச்சுது, இன்னொரு கூட்டம் ஒரு தடவை வாசிச்சுட்டு புக்க மூடி ஞாபகம் உள்ளத எழுதி பாத்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா ரெண்டு தடவை வாசிச்சவங்க தான் முந்துனாங்க, 81 சதவீதம், எழுதி பாத்தவங்க 75. ஒரு வாரம் கழிச்சு வெச்சா தலைகீழ், வாசிச்சவங்க 42, எழுதி பாத்தவங்க 56. ஒரு பாட்டிலும் இல்லாம பதினாலு சதவீதம். பிரமிக்கு பன்னண்டு வாரம், இதுக்கு ஒரே வாரம். நீட்ல 180 கேள்வில 90 பயாலஜி தானே, அந்த பயாலஜிக்கு இந்த முறை கச்சிதமா பொருந்தும். ஒரு பக்கம் முடிஞ்சதும் புக்க மூடிட்டு வெள்ளத்தாள்ல எழுதட்டும், விட்டுப்போனத வேற கலர் பேனால சேக்கட்டும், மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை அதே பக்கத்த புக்க பாக்காம எழுதட்டும். உங்களுக்கு பாடம் புரியலைன்னாலும் பரவால்ல, சாயங்காலம் நீங்க புக்க கையில வெச்சுகிட்டு கேளுங்க, அவன் சொல்லட்டும், அதுவே பெரிய உதவி.

அதோட ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துருங்க. ரத்த சோகைன்னா பொம்பளை பிள்ளைங்களுக்கு தான்னு நெனைக்கிறோம், 2019-21-ல எடுத்த தேசிய குடும்பநல கணக்கெடுப்புல 15லேர்ந்து 19 வயசு பையன்கள்லயே 31 சதவீதம் பேருக்கு இருந்துச்சு. ரத்தம் கம்மியா இருந்தா அசதி, கவனம் நிக்காது, அதுக்கு டாக்டர் எழுதுற இரும்புச்சத்து மாத்திரை ரொம்ப கம்மி விலை, ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே கெடைக்கும். அது நெசமாவே மூளைக்கு மாத்திரை தான், ஆனா குறை இருக்கறவங்களுக்கு மட்டும். கோச்சிங் போற அவசரத்துல காலை சாப்பாட்ட விடுறானான்னும் பாருங்க.

இன்னொண்ணு அவன்கிட்ட தனியா, திட்டாம கேளுங்க. ஹாஸ்டல் பசங்க, சீனியருங்க மூலமா மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட்னு மாத்திரை சுத்துது, தூக்கம் வராம படிக்கலாம்னு. அதெல்லாம் வேற நோய்ங்களுக்கு டாக்டர் பாத்து குடுக்குற மருந்து, சீட்டு இல்லாம போட்டா படபடப்பு, தூக்கமே வராம போறது, மனசு கெடுறதுன்னு வரும். ஆன்லைன்ல மூளைய கூர்மையாக்கும்னு சொல்லி நூட்ரோபிக்ங்கற பேர்ல வர்ற வெளிநாட்டு டப்பாவும் வேணாம். அமெரிக்காவுல அந்த மாதிரி பத்து சப்ளிமெண்ட வாங்கி ஆய்வுக்கூடத்துல சோதிச்சப்ப அந்த நாட்டுல அனுமதியே இல்லாத அஞ்சு மருந்து உள்ள இருந்துச்சு, லேபிள்ல போட்ட அளவும் பல எடத்துல தப்பு.

மாமனார் விஷயத்த கடைசியா வெச்சேன், ஏன்னா எனக்கு அவர் பத்தி தான் அதிக கவலை, கொஞ்சம் நிதானமா படிங்க.

அவர் சீட்டுல ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ரெண்டும் இருக்கு, ஸ்டென்ட்ல ரத்தம் கட்டாம இருக்க குடுக்குறது. உங்க பாட்டில்ல ஜின்கோங்கற மரத்தோட சரக்கு இருக்கு, அதுவும் ரத்தம் உறையறத கெடுக்கக்கூடியது, மூணும் சேந்தா வயித்துலயோ மூளைலயோ ரத்தக்கசிவு வர்ற ஆபத்து கூடலாம். சரி, அந்த ஆபத்துக்கு ஈடா மறதியாவது கொறையுமான்னா அதுவும் இல்ல. அமெரிக்காவுல 75 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 3,069 பேருக்கு ஜின்கோவையும் வெத்து மாத்திரையையும் குடுத்து ஆறு வருஷம் பாத்தாங்க, 2008-ல ரிசல்ட் வந்துச்சு, டிமென்ஷியாங்கற மறதி நோய் வர்றத அது கொஞ்சம் கூட தடுக்கல. ஜின்கோவ வெச்சு பண்ணதுல அவ்வளவு பெரிய, அவ்வளவு நாள் ஓடுன ஆய்வு அபூர்வம், அதுலயே இது தான் பதில்.

இப்ப சீட்டுல மத்த ரெண்டு மாத்திரைய பாருங்க. மெட்ஃபார்மின், சுகர் மாத்திரை, 12 வருஷமா. பான்டோப்ரசோல், வெறும் வயித்துல போடுறது, ஸ்டென்ட் வெச்சதுலேர்ந்து. மெட்ஃபார்மின் ரொம்ப வருஷம் போட்டா சாப்பாட்டுலேர்ந்து பி12 விட்டமின் உடம்புல சேர்றது கொறையும். பான்டோப்ரசோல் வயித்து ஆசிட்ட கொறைக்குது, அந்த ஆசிட் இருந்தா தான் சாப்பாட்டுலேர்ந்து பி12 பிரிஞ்சு வரும். ரெண்டு பக்கமும் அடி. அதோட அவர் சைவம்னு வேற எழுதிருக்கீங்க, காய்கறி பருப்புல பி12 கிடையாது, பால் தயிர்ல தான் கொஞ்சம். மறதி, கேட்டதையே கேக்குறது, பாதம் மரத்துப்போறது, இந்த மூணும் பி12 கொறைஞ்சாலும் வரும். சுகர்லயும் பாதம் மரத்துப்போகும், அதனால சுகர் தான்னு எல்லாரும் விட்டுடுவாங்க, பி12-ஐ பாக்க மாட்டாங்க. ஹீமோகுளோபின் நல்லா இருந்தாலும் பி12 கம்மியா இருக்கலாம். இங்கிலாந்துல மெட்ஃபார்மின் போடுறவங்களுக்கு பி12 கொறைவுக்கான அறிகுறி இருந்தா டெஸ்ட் எடுக்கணும்னு 2022-லயே டாக்டர்களுக்கு அறிவுறுத்திட்டாங்க. கொறைவுன்னு தெரிஞ்சா ஊசியோ மாத்திரையோ குடுத்து சரி பண்ணலாம், சீக்கிரம் பிடிச்சா மறதியும் நல்லாவே தேறும், லேட்டானா நரம்பு பாதிப்பு முழுசா திரும்பாது. உறுதியா பி12 தான்னு நான் சொல்லல, டெஸ்ட் தான் சொல்லணும். தைராய்டும் சேத்து பாக்க சொல்லுங்க, அதுவும் மறதிக்கு ஒரு காரணம், அதுவும் சரி பண்ணக்கூடியது. ரெண்டு டெஸ்டும் பெரும்பாலும் அந்த ஒரு பாட்டில் விலைலயே முடிஞ்சுரும். அதுக்காக மெட்ஃபார்மினையோ க்ளோபிடோக்ரெலையோ நீங்களா நிறுத்திடாதீங்க, ஸ்டென்ட் மாத்திரைய திடீர்னு நிறுத்துனா மாரடைப்பு வரலாம்.

டாக்டர்கிட்ட போறப்ப அவர் போடுற எல்லா மாத்திரையையும் ஒரு பைல போட்டு எடுத்துட்டு போங்க, சீட்டுல இல்லாம கடைல வாங்கிப்போடுறதையும் சேத்து. ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் போடுற குளோர்ஃபெனிரமைன் மாதிரி மாத்திரை, தூக்க மாத்திரை, அடிக்கடி ஒண்ணுக்கு வருதுன்னு குடுக்குற சில மாத்திரை, இதெல்லாம் வயசானவங்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கும். நிறைய பெரியவங்க வீட்ல இது தான் நடக்குது, ஒரு மாத்திரையால வந்த மறதிக்கு இன்னொரு மாத்திரை வாங்குறாங்க. காது சரியா கேக்குதான்னும் பாருங்க, காது மந்தமானவங்க கேட்டதையே கேக்குறது மறதி மாதிரியே தெரியும், அதோட காது கேக்காம இருக்கறத கவனிக்காம விட்டா டிமென்ஷியா வாய்ப்பும் கூடுதுன்னு லான்செட்ங்கற மெடிக்கல் ஜர்னல் அமைச்ச நிபுணர் குழு சொல்லிருக்கு. தெரிஞ்ச தெருவுல வழி தப்புனாரு, பண கணக்குல தடுமாறுறாருன்னா நரம்பியல் டாக்டர பாத்துடுங்க. ஒரே நாள்ல திடீர்னு குழம்பிப்போனாலோ பேச்சு குழறுனாலோ ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடணும்.

வயசானவங்களுக்கு மல்ட்டிவிட்டமினாவது குடுக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. காஸ்மோஸ்னு அமெரிக்காவுல 60 வயசு தாண்டுனவங்கள வெச்சு பண்ண ஆய்வுல சாதாரண மல்ட்டிவிட்டமின்ல ஞாபகத்துக்கு சின்ன பலன் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஆம்பளை டாக்டருங்கள வெச்சு 12 வருஷம் பண்ணதுல ஒண்ணும் வரல. ரிசல்ட் வந்தப்புறம் அவர் டாக்டர் சொன்னா குடுங்க, நீங்களா ஆரம்பிக்க வேணாம்.

நாத்தனார்கிட்ட எப்படி சொல்றதுன்னு தயங்குறீங்க. "இது மோசடி"ன்னு சொன்னா குடும்பத்துல சண்டை தான் மிஞ்சும். "ஸ்டென்ட் மாத்திரையோட சேரக்கூடாதுன்னு பார்மசில சொல்லிட்டாங்க அண்ணி, பையனுக்கு ரத்தம் டெஸ்ட் எடுத்துட்டு பாக்கலாம்"னு சொல்லி சீல் உடைக்காம திருப்பி குடுத்துருங்க, ரெண்டும் உண்மை தானே. நேரடி விற்பனைக்குன்னு 2021-ல வந்த விதிகள்ல பொருள திருப்பி குடுக்குறது, பணம் திரும்ப வாங்குறது பத்தி விக்கிறப்பவே சொல்லணும்னு இருக்கு, அவங்க கம்பெனிகிட்ட கேக்கலாம், அவங்க காசும் முடங்க வேணாம். முடிஞ்சா இன்னும் எந்தெந்த பெரியவங்களுக்கு குடுத்துருக்காங்கன்னும் கேளுங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க யாராவது இருந்தா அத அவங்க நிறுத்த சொல்லணும்.

டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்குறதுக்கு முன்னாடி பி12 கலந்த எந்த மாத்திரையும், சத்து டானிக்கும், நரம்பு ஊசியும் மாமனாருக்கு வேணாம். இந்த பாட்டில்லயே கீழ கடைசி வரில பி12-ஐயும் சேத்துருக்காங்க. நாலு நாள் இத போட்டுட்டு டெஸ்ட் எடுத்தா ரத்தத்துல அளவு ஏறி நார்மல்னு வந்துடலாம், உள்ள இருக்குற கொறை தெரியாமலே போயிடலாம். அதனால மொதல்ல ரத்தம், அதுக்கப்புறம் தான் எந்த மாத்திரையும்.